மூன்று இருமல், பிறகு ஒன்று

“பொணத்த நடுவூட்ல வெச்சிக்கிட்டு ஏன்டா இப்படிக் கத்தற?”

“நானா கத்தறேன்? காலையிலேர்ந்து நீதான் ஒரே பாட்டப் பாடிக்கிட்டு இருக்கற. அம்மா குழி, அம்மா குழின்னு. எங்க இருக்குது அந்தக் குழி? காட்டு பாப்போம்.”

“காட்டறேன்டா.”

“பத்தொம்பது வருசமா காட்டாதவ இன்னிக்கிச் சாயங்காலத்துக்குள்ள காட்டிடுவியா?”

“அப்பா கூட்டிக்கிட்டுப் போயிருந்தாத்தானடா எனக்குத் தெரியும்!”

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். வாசல்படியில் வந்து நின்று பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்களே என்று ஒரு நாகரிகம்தான்.

இதைப் படித்துவிட்டு, சொர்ணாம்பாளுக்கு வேறு வேலை இல்லை, கதை கட்டிவிட்டாள் என்று சொல்ல எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். கதை கட்டாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எதிர்வீட்டுக் கனகாவைப் பற்றிச் சொன்னதில் பாதி நானாகச் சேர்த்தது. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. நாள், மணி எல்லாம் அன்றே காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். 2007, நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. ஐப்பசியின் கடைசி நாள்.

செத்துப்போனவர் மரியசூசை. என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சூளை வேலை பார்த்தவர். ஊறுகாய் ஜாடி, ப்யூஸ் கட்டை, கொலு பொம்மை என்று எது பச்சை மண்ணாக வந்தாலும் அடுக்கி, கதவை அடைத்து, சுட்டு எடுக்கிற வேலை. அந்தப் பொடி நெஞ்சில் இறங்கியதில் அவருக்கு ஓர் இருமல் உண்டு. மூன்று இருமல் சேர்ந்தாற்போல வரும். ஒரு மூச்சு நேரம் இடைவெளி. பிறகு ஒன்று. எப்போதும் அதே கணக்கு. நான் அந்தத் தெருவுக்குக் குடி வந்தது தொண்ணூற்று ஒன்றில். பதினாறு வருஷம் சுவர் வழியே அதைக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் காலமாகி, மகள் வேல்விழியும் கல்யாணமாகிப் போன பிறகு, அந்த இருமல்தான் எனக்கு அலாரம். விடியற்காலை நாலு நாற்பதுக்கு முதல் தடவை வரும். எழுந்து பால் வாங்கப் போவேன்.

அன்று காலை ஐந்து பத்துக்கு மூன்று வந்தது. நான் பாயில் படுத்தபடியே காத்திருந்தேன். ஒன்று வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜெயராணியின் அழுகைதான் வந்தது.

ஜெயராணி அவருடைய மகள். முப்பத்து மூன்று வயது. அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். அவளுக்கு ஒரு காதல் தோல்வி இருந்திருக்க வேண்டும் என்று நான் பல வருஷம் விசாரித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. தம்பி அமலதாஸ் நெய்வேலியில் கல்யாணம் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டோடு இருப்பவன். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தலைகாட்டுவான்.

சண்டை என்னவென்றால் இதுதான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் இனிமேல் புதுக்குழி வெட்ட இடம் இல்லை. சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டு ஆள் யாராவது அங்கே ஏற்கெனவே படுத்திருந்தால் அதே குழியைத் திறந்து, பழைய எலும்பை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அதிலேயே அடக்கம் பண்ணலாம். இல்லையென்றால் ஊருக்கு வெளியே புதிதாக வாங்கிய இடம். ராணியின் அம்மா ஞானப்பூ 1988 ஆகஸ்டில் இறந்தவள். பழைய தோட்டத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள். அடக்கத்தன்று பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை, எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது. கோயில் ரிஜிஸ்தரில் பெயரும் தேதியும் இருந்தன. இடம் எழுதும் பழக்கம் இல்லை. அந்தக் காலத்துக் குழிவெட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“புது எடத்துல கார் உள்ள வரைக்கும் போவுது. மாமா வூட்லேர்ந்து வரவங்க சேத்துல நடப்பாங்களா?” என்றான் அமலதாஸ்.

ராணி ஐஸ் பெட்டியைப் பார்த்தபடி, யாரிடமோ கடைச் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள். “ஆஸ்பத்திரியில அம்மா எங்கிட்டதான் சொன்னாங்க. எனக்குப் பதினாலு வயசு. உங்கப்பாவ கடைசியில எங்கிட்ட கொண்டாந்து வுட்டுடுடீ, தனியா கெடக்க எனக்குப் பயமா இருக்குதுன்னு. சரிம்மான்னு சொன்னேன்.”

அவள் கண்ணில் அதற்குமேல் தண்ணீர் இல்லை. காலையிலேயே தீர்ந்துவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு அடக்கம். குழிவெட்டி மாயவன் விடியற்காலையில் தோண்ட ஆரம்பிப்பான். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் இடத்தைக் காட்டியாக வேண்டும். அப்போது மணி இரண்டே முக்கால்.

“வாடி, நானும் வரேன்,” என்றேன். துக்க வீட்டில் ஒத்தாசை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே வேறு ஆசை. மரியசூசை பத்தொன்பது வருஷமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்காதவர். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகும்போது, இவர் வீட்டு ஜன்னலில் ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளையும் அனுப்ப மாட்டார். பெண்டாட்டி மேல் அப்படி என்ன கோபம் என்று ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டே விட்டேன்.

“அங்க போனா இருமல் ஜாஸ்தியாவுதும்மா,” என்றார்.

செடி கொடி மண்டின இடம், ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், பெண்டாட்டிக்கும் அவருக்கும் ஆகாது என்று தெருவில் நாலு வீட்டில் சொல்லியும் வைத்தேன்.

மூன்று நாற்பதுக்குத் தோட்டத்துக்குள் போனோம். நான், ராணி, அமலதாஸ், அரிவாளோடு மாயவன். மதியம் வரை பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்பக்கத்துக் கல்லறைகள் சுண்ணாம்பு பூசிச் சுத்தமாக இருந்தன. கல்லறைத் திருநாள் முடிந்து பதினான்கு நாள்தான் ஆகியிருந்தது. சாமந்தி காய்ந்து அப்படியே கிடந்தது. பின்பக்கம்தான் சூளைக்காரர்கள் மூலை. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு அந்தக் குடும்பங்கள் எங்கெங்கோ போய்விட்டன. சீமைக்கருவேல் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அதற்குக் கீழே நாயுருவியும் கோரையும் இடுப்பு வரைக்கும்.

அந்த மூலையில் கல்வெட்டு கிடையாது. பீங்கான் தகடுதான். செத்தவன் பேரைப் பச்சை மண் தகட்டில் நீல மையால் எழுதி, மேலே கண்ணாடிப் பூச்சு பூசி, அடுத்த சூளையில் ஜாடிகளோடு ஜாடியாக வைத்துச் சுட்டு, தலைமாட்டில் பதித்துவிடுவார்கள். மழையோ வெயிலோ ஒன்றும் செய்யாது. கழுவினால் நேற்று எழுதினது மாதிரி இருக்கும்.

மாயவன் வெட்டிக்கொண்டே போனான். நாங்கள் காலால் மண்ணைத் தள்ளித் தள்ளித் தகடு தேடினோம். ஒவ்வொரு பெயராக நான் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த கதையையும் சொன்னேன். இவர் மகள் யாரோடு போனாள், அவர் மருமகள் ஏன் திரும்பி வந்தாள்.

“யக்கா, செத்தவங்களயாவது வுட்டு வையி,” என்றான் அமலதாஸ்.

ராணி மடித்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தாள். அம்மாவின் எலும்பைக் கட்டுவதற்கு. நாளைக்குத்தானே வேண்டும் என்றேன். “இருக்கட்டும்க்கா,” என்றாள்.

நாலரை ஆயிற்று. ஐந்தாயிற்று. இருபத்திரண்டு தகடு பார்த்துவிட்டோம். ஞானப்பூ இல்லை.

அமலதாஸ் மாமனாருக்குப் போன் பேச வேண்டும் என்று சிக்னல் தேடி ரோட்டுக்குப் போய்விட்டான். மாயவன் அரிவாளைப் போட்டுவிட்டுக் கேட்டருகே பீடி பற்ற வைக்கப் போனான். “ஆறு மணி வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன். இந்த மூலைக்கு நான் எப்பவும் வர்றதில்ல,” என்றான்.

“ஏன்?”

“புழுக்கமா இருக்கும்.”

மழைக்காலத்தில் என்ன புழுக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் போய்விட்டான்.

நானும் ராணியும் மட்டும் நின்றோம். ஈசல் பறந்தது. தூரத்தில் ஜங்ஷனில் ஒரு ரயில் கூவியது. அது அடங்கியதும் வேறு சத்தமே இல்லை. தவளைகூடக் கத்தவில்லை. மழை விட்ட சாயங்காலத்தில் தவளை கத்தாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஐந்து முப்பத்தொன்று.

ஓர் இருமல்.

ஒன்றே ஒன்று.

அமலதாஸ் வந்துவிட்டானா என்று திரும்பிப் பார்த்தேன். அவன் ரோட்டில் காதில் போனோடு நடந்துகொண்டிருந்தான். கம்பி வேலி வழியே நன்றாகத் தெரிந்தது. மாயவனின் பீடி நெருப்பும் கேட்டருகே தெரிந்தது.

இருமல் வந்தது புதருக்குள்ளிருந்து.

எனக்கு அப்போது பயமே வரவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. தலைக்குள் பஞ்சு அடைத்தது மாதிரி இருந்தது. காலையில் பாயில் படுத்துக்கொண்டு காத்திருந்தேனே, அந்த ஒன்று இப்போதுதான் வருகிறது... என்று மட்டும் தோன்றியது. தாமதமாக வந்த பஸ்ஸைப் பற்றி நினைப்பதுபோல.

ராணியைப் பார்த்தேன். அவளும் புதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுதா?” என்றேன்.

“ம்.”

ஐந்து முப்பத்தெட்டு. மறுபடியும்.

மூன்று. ஒரு மூச்சு இடைவெளி. ஒன்று.

“அப்பா,” என்றாள் ராணி. கூப்பிடவில்லை. அடையாளம் சொன்னாள். அவ்வளவுதான்.

முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். முள் கையைக் கிழித்தது. வலி எங்கோ தூரத்தில் இருந்தது.

உள்ளே ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் தரை. அதைச் சுற்றி எல்லா இடத்திலும் கோரை. அந்த இடத்தில் மட்டும் ஒரு புல் இல்லை. சுற்றிலும் சொதசொதவென்று ஈரம். அங்கே மட்டும் மண் காய்ந்து வெடித்திருந்தது. மத்தியானம் வரைக்கும் மழை பெய்திருக்கிறது.

ராணி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள்.

“சூடா இருக்குதுக்கா.”

நான் குனிந்து தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமான சோற்றுப் பானை மாதிரி.

தலைமாட்டில் தகடு குப்புறக் கிடந்தது. புரட்டினேன். எழுத்து இல்லை. நீல மை உருகி வழிந்து, கோடு கோடாக ஓடியிருந்தது. கடைசியில் இரண்டு எண் மட்டும் தப்பியிருந்தது.

88.

பீங்கான் எழுத்து மண்ணுக்குள் கிடந்து உருகாது. அது எனக்கும் தெரியும், சூளைக்காரர் மகள் ராணிக்கும் தெரியும். நாங்கள் இருவருமே அதைச் சொல்லவில்லை.

இதுதான் இடம் என்று சொன்னது நான்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“வருசம் சரியா இருக்குதுடி. இதுதான் எடம். பதினாறு வருசமா செவுரு வழியா கேட்டவ சொல்றேன், அது உங்கப்பா இருமல்தான். அவரே வந்து காட்டிக் குடுத்துட்டாரு.”

ராணி அந்தச் சூடான மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். “கொண்டாந்து வுட்டுடறேம்மா,” என்றாள்.

மாயவனைக் கூப்பிட்டோம். வேலி ஓரம் வரைக்கும்தான் வந்தான். நான் கையைக் காட்டிய இடத்துக்குத் தூரத்திலிருந்தே சுண்ணாம்புப் பொடியை வீசி அடையாளம் போட்டான்.

ஆறு பத்துக்குக் கிளம்பினோம். வெளிச்சம் கிட்டத்தட்டப் போய்விட்டது. நடைபாதை அகலமாகத்தான் இருந்தது. நானும் ராணியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.

பின்னால் மூன்று.

நின்றோம்.

திரும்பவில்லை.

காத்திருந்தோம்...

ஒன்று வந்தது.

பின்னாலிருந்து இல்லை.

எனக்கும் அவளுக்கும் நடுவிலிருந்து. என் தோள் உயரத்தில்.

ராணி ஓடவில்லை. கத்தவில்லை. ஓரடி நகர்ந்து, நடுவில் இடம் விட்டாள். பிறகு நடந்தாள். நானும் ஓரடி தள்ளியே நடந்தேன். வீடு வந்து சேரும்வரை அந்த இடைவெளியில் நாங்கள் இரண்டு பேரும் காலை வைக்கவில்லை.

வீட்டில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெய்வேலி சம்பந்தியம்மா முந்தானையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “மொகமே தெரிய மாட்டங்குது. தொடைக்கத் தொடைக்க ஆவி அடிக்குது,” என்றாள்.

“உள்பக்கமால்ல இருக்குது ஆவி,” என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, ராணியைத் தவிர.

மறுநாள் மாயவன் ஐந்தரை அடி தோண்டிவிட்டு மேலே வந்தான். எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. பலகைத் துண்டும் இரண்டு ஆணியும் கிடைத்தன. அதற்குக் கீழே ஒரு கூடை அளவுக்கு வெள்ளைச் சாம்பல் மாதிரி ஒரு பொடி. “மண்ணு தின்னுடிச்சிம்மா,” என்றான். பத்தொன்பது வருஷத்தில் மண் அவ்வளவு சுத்தமாகத் தின்னுமா என்று அமலதாஸ் கேட்டான். பக்கத்தில் நின்ற மாமனார் வாட்சைப் பார்த்தார். அவன் மேலே கேட்கவில்லை. ராணி கொண்டுபோன வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. சவப்பெட்டி இறங்கியது. எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். அன்றைக்கு ஓர் இருமலும் கேட்கவில்லை. அன்றிரவு சுவரிலும் இல்லை. பதினாறு வருஷத்துக்குப் பிறகு நாலு நாற்பதைத் தாண்டித் தூங்கினேன்.

முப்பதாம் நாள் பூசை டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம். ராணி புதுத் தகடு வைத்திருந்தாள். அம்மா, அப்பா இரண்டு பேர் பெயரும் ஒரே தகட்டில். நீல எழுத்து. சாமியார் மந்திரித்துக்கொண்டிருந்தபோது, திட்டக்குடியிலிருந்து ஒரு பெரியவர் பஸ் இறங்கி நேராக வந்தார். நடராசன் என்று பெயர். மரியசூசையோடு ஒரே சூளையில் வேலை பார்த்தவர். மழையில் பஸ் ஓடாததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்றார்.

அவர் யாரையும் வழி கேட்கவில்லை. மாலையோடு நேராகப் புதருக்குள் நடந்தார். எங்களைத் தாண்டி, நாலு எட்டு தள்ளி, ஒரு கருவேல மரத்தடியில் போய் நின்று கோரையை விலக்கினார்.

யார் எங்கே போனாலும் பின்னால் போகிற வழக்கம் எனக்கு. போனேன். அவர் காலடியில் ஒரு தகடு இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினது மாதிரிப் பளபளப்பு.

ஞானப்பூ. மறைவு 9-8-1988.

“ஞானப்பூ இங்கதானம்மா இருக்குது,” என்றார் அவர். “அந்தக் கூட்டம் ஏன் அங்க நிக்குது?”

 மரியசூசையை வைத்த இடத்தைக் கையால் காட்டினேன்.

அவர் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

“அங்கயா வெச்சீங்க? ஐயோ... சந்தியாகு குழியிலயா?”

சந்தியாகு யார் என்று எனக்குத் தெரியாது. தொண்ணூற்று ஒன்றுக்கு முந்திய கதைகள் எதுவும் என்னிடம் இல்லை. ராணி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். யார் வாயிலிருந்தும் எதையும் வாங்கிவிடுவேன். ஆனால் அன்று நான் ஒன்றும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார்.

“எம்பத்தெட்டு ஐப்பசி கடைசி. விடாம மழ. சந்தியாகு எங்களோட மூணாவது ஆளு. அன்னிக்கி அவனுக்குக் காச்சல். முந்தின சூட்ட அப்பதான் எறக்கின சூளை, உள்ள கதகதப்பா இருக்கும். ஜாடிய உள்ள வெச்சிச் சுடற மண்பெட்டி அடுக்குக்குப் பின்னாடி போயிப் படுத்திருக்கான். எங்களுக்குத் தெரியாது. நானும் சூசையும் கதவுக்குச் செங்கல் வெச்சி, களிமண்ணு பூசி, தீ போட்டுட்டோம்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

“தீ போட்டப்புறம் இருமல் கேட்டுது. ரெண்டு பேருமே கேட்டோம். சத்தம் பொக போற சந்துல பூந்து, பின்பக்கம் பொக கூண்டு வழியா வந்துது. சந்தியாகு பின்னாடி வெறகு எடுக்கறான் பாருன்னான் சூசை. ஆமான்னேன் நானு. கொஞ்ச நேரம் கேட்டுது. அப்பறம் கேக்கல. வெறகு எடுத்துட்டுப் போயிட்டான்னு நெனச்சோம். மூணா நாளு கதவப் பிரிச்சப்பதான்...”

“அப்புறம்?”

“எலும்புகூட மிச்சமில்ல. கெடச்ச சாம்பல அள்ளி ஒரு பெட்டியில போட்டு, மாரடைப்புன்னு சொல்லி அடக்கம் பண்ணோம். மொதலாளி சொன்னாரு, நாங்க வாய மூடிக்கிட்டோம். பேரு எழுதித் தகடு சுட்டோம். எழுத்து ஓடிடிச்சி. மறுபடியும் சுட்டோம். மூணு வாட்டி. மூணு வாட்டியும் ஓடிடிச்சி. ஓடினதயே கொண்டாந்து வெச்சோம். அதோட சூசை அந்தப் பக்கமே திரும்பல. சொந்தப் பொண்டாட்டி சமாதிக்கும் போவல. சந்தியாகு பக்கத்துலயே இருக்கறானேன்னு.”

எனக்கு ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. “இல்லைங்கண்ணே,” என்றேன். “சூசைண்ணே இருமல்தான் எங்களுக்கு எடத்தக் காட்டிக் குடுத்துது. எங் காதால கேட்டேன். மூணு வரும். அப்பறம் ஒண்ணு. பதினாறு வருசமா எனக்கு அத்துப்படி.”

நடராசன் டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.  

“எம்மா... சூசைக்கு இருமலே கெடயாதே.”

“என்னாங்க சொல்றீங்க?”

“எம்பத்தொம்பதுல பட்டறய வுட்டு நான் போற வரைக்கும் அவன் இருமி நான் பாத்ததில்ல. அப்பறமா வந்திருந்தா எனக்குத் தெரியாது. மூணு, ஒண்ணு... அது சந்தியாகு இருமலு. சூளைக்குள்ளேர்ந்து நாங்க கேட்டமே, அதான்.”

இதை நான் ராணியிடம் சொல்லவில்லை. சாமியாரிடமும் சொல்லவில்லை. என் ஆயுசில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம் இதுதான். ராணியின் புதுத் தகட்டில் எழுத்து ஒன்றும் ஓடவில்லை. இரண்டு பெயரும் அழகாக இருக்கிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அதன் மேல் மெழுகுவர்த்தி கொளுத்தி, “கொண்டாந்து வுட்டுட்டேம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் போன பிறகு நான் நாலு எட்டு தள்ளிப்போய் ஞானப்பூவுக்கு ஒன்று கொளுத்துவேன். அங்கே மண் ஜில்லென்று இருக்கும்.

அமலதாஸ் மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு புதுச்சேரிக்குப் போய்விட்டான். மாயவன் குழி வெட்டுவதை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போனான். ஜெயராணி 2009 தை மாதம் கம்மாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை பெண்டாட்டியை இழந்தவர், தங்கமான மனிதர். நான் எவ்வளவோ விசாரித்தும் குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் வீட்டை வாடகைக்கு விட்டுப் போனாள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வயசு ஜோடி வந்தது. பூர்ணிமா என்று பெண்ணுக்குப் பெயர். சூளைக்கும் பீங்கானுக்கும் சம்பந்தமில்லாத ஆட்கள். இந்தக் கதையில் ஒரு வரிகூட அவர்களுக்குத் தெரியாது. வந்து இருபது நாள் இருக்கும். ஒரு காலையில் பால் வாங்கப் போகும் வழியில் அந்தப் பெண் என்னை நிறுத்தினாள்.

“யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நல்ல டாக்டரா பாக்கக் கூடாதா? விடியக்காலம் நாலு நாப்பதுக்கெல்லாம் உங்க வூட்லேர்ந்து சத்தம் கேக்குது. மூணு வாட்டி இருமறீங்க. கொஞ்சம் வுட்டு இன்னொரு வாட்டி. செவுரே அதிருது.”

நான் தனியாக இருக்கிறேன். எனக்கு இருமல் கிடையாது.

அடுத்த மாதமே அவர்கள் காலி செய்துகொண்டு நல்லூருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.